துவண்டவருக்குத் துணையிருப்பது எப்படி?



வாழைக்கு உரம் வைப்பது, வெற்றிலைக் கொடிக்காலில் வாடல் நோய் என்றே பேசிவந்தவன், இன்றைக்கு வேறொரு சங்கதி பேசவேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதி மழையை ஆறுமுகநேரிப் பக்கம் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அடுத்த ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! வாழை சாய்ந்தது, உப்பளப் பாத்தியெல்லாம் சேறாகிப்போனது. தண்ணீர் வடிந்த பிறகு, குத்தகைக்கு வாழை போட்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். தன் கைத்தெளிப்பானை மேஜை மேல் வைத்து, "யாருக்காவது குடுத்துருங்க சார், எனக்கு இனிமே தேவைப்படாது" என்றார். நான் என்ன செய்தேன்? பயிர்க் காப்பீடு, நிவாரண மனு, பக்கக்கன்று விடுவது என்று அரைமணி நேரம் விளக்கினேன். "சரி சார்" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உறைத்தது அவருடைய பக்கத்து வீட்டம்மாவுக்கு. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர், படிப்பு அதிகமில்லை. சாயங்காலம் தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அவர் திண்ணையில் போய் உட்கார்ந்து, "அண்ணாச்சி, செத்துரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். மனிதர் குலுங்கி அழுதிருக்கிறார். ராத்திரி வெகுநேரம் அவர் பேசப்பேச இவர்கள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அங்கிருந்த பூச்சிமருந்தை எடுத்துவந்து தங்கள் பெட்டியில் பூட்டினார்கள். தனியே விடவில்லை. விடிந்ததும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

அந்தம்மா திண்ணையில் செய்ததைத்தான் சென்னையில் 'சிநேகா' என்ற அமைப்பு 1986 முதல் செய்துவருகிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. அங்கே கேட்கிறவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்காத தொண்டர்கள். கேட்டதை வெளியே சொல்லமாட்டார்கள். முக்கியமாக, புத்திமதி சொல்லமாட்டார்கள். புத்தி சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற என்னைப்போன்றவனுக்கு இது ரொம்பக் கஷ்டமான பாடம்!

'நேராகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைத் தூண்டினமாதிரி ஆகாதா?' என்பீர்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மனசுப் பாரம்தான் இறங்கும். "புள்ளகுட்டி இருக்கே, இப்படி நினைக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே கூனிக்குறுகி இருப்பவர் வாயை அது அடைத்துவிடும். ரகசியம் காப்பது நல்லதுதான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்லத் தயங்கவேண்டாம். போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி, உயிரை விட முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குச் சேரவேண்டியது சிகிச்சை, தண்டனை அல்ல.

பூட்டு விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சாகவேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் ஆள் தப்பிவிடுவார். காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு கிராமங்களில் சிநேகாவினர் பூச்சிமருந்துக்கென்றே பொதுக் கிடங்கு கட்டி, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பெட்டி கொடுத்தார்கள். தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊர்களில் மருந்தால் நேரும் சாவு குறைந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் பக்கம் கிடங்கு கட்டும்வரை, பூட்டுப் போட்ட ஒரு தகரப்பெட்டி போதும். சாவி வேறொருவரிடம் இருக்கட்டும்.

இன்னொன்று. ஒருவரே இந்தப் பாரத்தைச் சுமக்கக்கூடாது. அந்தம்மாவுக்கே ஒரு வாரம் தூக்கமில்லையாம். தெருவுக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து, முறைவைத்துப் போய்ப் பார்த்துவாருங்கள்.

அந்தக் கைத்தெளிப்பானை ஒருநாள் அவரே வந்து வாங்கிப்போனார். வாஷர் மாற்றவேண்டியிருந்தது.

உங்களுக்கோ, தெரிந்தவருக்கோ மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநலச் சேவை; தமிழில் பேசலாம், இரவுபகல் எந்நேரமும். எண்ணைக் குறித்துக்கொண்டீர்களா? 14416.