ஒரு கம்பெனியின் வாசலில் 238 விண்ணப்பங்கள்

வேலை தேடி மனிதர் ஊர் ஊராய்ப் போவதை நாம் அறிவோம். ஊர்களே ஒரு கம்பெனியின் வாசலில் வரிசை பிடித்து நின்ற கதை இது.

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் அமேசான் கம்பெனி, "சியாட்டிலில் இருப்பது போல் இன்னொரு தலைமையகம் கட்டப்போகிறோம்; 50,000 பேருக்கு வேலை; உங்கள் ஊர் என்ன தரும்?" என்று கேட்டது. 238 விண்ணப்பங்கள் குவிந்தன. டூசானிலிருந்து 21 அடிக் கள்ளிச்செடி ஒன்றையே பரிசாக அனுப்பினார்கள்!

அது வேடிக்கை. வினை, வரிச்சலுகையில் இருக்கிறது. கம்பெனியின் வரியை விட்டுக்கொடுத்தால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் யார் பணம் கட்டுவது? வேலை பெருகினால் வரியும் பெருகும் என்பார்கள். பெருகலாம். ஆனால் பக்கத்து ஊர் அதிகம் தந்துவிடுமோ என்ற பயத்தில் அல்லவா விலை ஏறுகிறது?

2018 நவம்பரில் நியூயார்க்கும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும் தேர்வாயின. நியூயார்க் தர முன்வந்தது ஏறக்குறைய 300 கோடி டாலர். வீட்டு வாடகை ஏறுமென்று அங்குள்ளோர் பலர் எதிர்த்தார்கள். 2019 பிப்ரவரியில் கம்பெனி விலகிக்கொண்டது. ஆர்லிங்டனில் 2023-இல் கட்டடம் திறந்தது. வர்ஜீனியா அரசின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது: பாலை நிறுத்த பிறகு கூலி கொடுப்பதுபோல, வேலைகளை உண்டாக்கிய பிறகே, வேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று மானியம்.