அரசு வைத்த தொட்டில்

பெண் மகவு பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போன அறியாமைக் காலத்துத் தந்தையைத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் நம் கண்முன் நிறுத்துகின்றது. அச்சிசுவை உயிருடன் மண்ணில் புதைத்தவரும் அந்நாளில் இருந்தனர்.

அக்கொடுமை அரபு மண்ணோடு முடிந்துவிடவில்லை. சேலம், தர்மபுரி மாவட்டங்களின் சில சிற்றூர்களில், சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் கள்ளிப்பால் புகட்டிப் பெண் சிசுக்களைக் கொன்றார்கள். கம்பைநல்லூர் வாசகர்களுக்கு இது வேற்றூர்க் கதையன்று. தம் மாவட்டத்தின் பெயர் இதன் பொருட்டு நாடெங்கும் அடிபட்டதை அவர்கள் அறிவார்கள்.

1991-ஆம் ஆண்டுத் தேர்தலில், அன்று தர்மபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த பர்கூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகி, முதலமைச்சர் பொறுப்பையும் ஏற்றார் ஜெ. ஜெயலலிதா. அரசியல் வேறுபாடுகள் ஒருபுறம் இருக்கட்டும். 1992-இல் அவர் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சற்றே எண்ணிப்பாருங்கள். வேண்டாத குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள், அரசு வளர்க்கும் என்பதே அதன் சாரம். விட்டுச் செல்பவரின் பெயரும் ஊரும் கேட்கப்படமாட்டா. 2001-இல் அத்தொட்டில் தர்மபுரிக்கும் வந்தது.

இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு முன்னோடி உண்டு. தமீம் குலத்தைச் சார்ந்த ஸஃஸஆ இப்னு நாஜியா என்பவர், புதைக்கப்படவிருந்த பெண் சிசுக்களைத் தம் ஒட்டகங்களை விலையாகக் கொடுத்து மீட்டவர். அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. கொலைகாரத் தந்தையிடம் விலை பேசலாமா என்று அவர் தயங்கியிருந்தால், அக்குழந்தைகள் மண்ணுக்குள் போயிருக்கும்.

தொட்டில் திட்டத்தின்மீதும் குறை சொன்னார்கள். பெற்ற மகளைக் கைவிடுவதை இது எளிதாக்கிவிடும் என்றார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் கைவிடப்பட்ட குழந்தைக்கு உயிர் இருக்கிறதே! 2001-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தர்மபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். 2011-இல் அவ்வெண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. தொட்டில் ஒன்றினால் மட்டும் நிகழ்ந்த மாற்றமன்று இது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் முதலிய வேறு முயற்சிகளும் உடனிருந்தன.

ஆனால் அந்தத் தாய்தந்தையரை அஞ்சவைத்தது எது? பெரும்பாலும் வரதட்சணையே. அதைத் தடை செய்யும் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. மணமகன் மஹர் கொடுத்து மணம் முடிக்க வேண்டிய நம் சமுதாயத்தில், அதே வரதட்சணை கைக்கூலி என்னும் பெயரில் நடுவீட்டில் அமர்ந்திருக்கிறது. மகனுக்குப் பேரம் பேசும் அன்னையே, உங்களுக்கும் ஒரு மகள் இருக்கக்கூடும்! இரு பெண் மக்களைப் பருவமெய்தும்வரை வளர்த்தவர் மறுமையில் தம்முடன் இருப்பார் என நன்மாராயம் கூறினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த மகளைக் கடனில் மூழ்கியா கரையேற்ற வேண்டும்?

கைக்கூலி வாங்கும் திருமணத்தில் பங்கேற்பதில்லை என்று உறுதிபூண்ட ஜமாஅத்தார் தமிழகத்தில் உண்டு. உங்கள் ஊர் ஜமாஅத் அத்தகைய முடிவை எடுத்திருக்கின்றதா என்று, இன்று ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள்.