பழைய வீடுகளைச் சுத்திப் பார்க்கப் போறீங்களா? கூடவே ஒரு வழிகாட்டியைக் கேளுங்க!

காட்டுப்பாக்கத்தில் டிரங்க் ரோட்டை விட்டு உள்தெருக்களில் தேடினால், திண்ணை வைத்த ஓட்டு வீடு ஒன்றிரண்டு இன்னும் கண்ணில் படலாம். அடுத்த வருஷம் அதே இடத்தில் அடுக்குமாடிக்குக் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள். வீடு போனால், "முற்றம் எதுக்கு, நெல்லை எங்கே கொட்டி வெச்சாங்க" என்ற பேச்சும் கூடவே போய்விடும். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நேரில் காட்ட, நம் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஓர் இடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா.

மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் இதை நடத்துகிறது. நிலம், மாநில அரசு குத்தகைக்குக் கொடுத்த 10 ஏக்கர். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வளாகத்தை வடிவமைத்தார். 1996 டிசம்பர் 14-ல் திறந்தார்கள். பூங்கா மாதிரி மரநிழலில் 18 வீடுகள். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று தென்னிந்தியாவே ஒரு சுற்றில் வந்துவிடும்.

"சினிமா செட் மாதிரிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஊரில் இடிக்க இருந்த வீடுகளை வாங்கி, பிரித்து எடுத்து வந்து, அந்தந்தப் பகுதிக் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். மர வீட்டைப் பூட்டுப் பூட்டாகக் கழற்றலாம். மண்சுவரை அப்படிக் கொண்டுவர முடியாது, பழைய முறைப்படி புதிதாகத்தான் வைக்க வேண்டும். பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து ஒரே இடத்தில் காட்டும் இந்த யோசனைக்கு முன்னோடி, ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 1891-ல் திறந்த ஸ்கான்சென்.

போகிறவர்களில் பல பேர் ஒரு மணி நேரத்தில் செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கேதான் விஷயம் கோட்டை விடப்படுகிறது. செட்டிநாட்டு வீட்டு வாசலில் நின்றால் தூண்தான் தெரியும். அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்த கதையை யாராவது சொல்ல வேண்டும். முகப்பு, வரவு செலவும் விருந்தாளியும் வரும் இடம். உள்ளே வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. அதுவும் சீர்வரிசைச் சாமான் வைக்கத்தான் பெரும்பாலும்! குடும்பம் எப்படிக் கூடியும் தனித்தும் இருந்தது என்பது அந்த ஒரு விவரத்தில் புரிந்துவிடும்.

கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல் அறை முன்பக்கத்திலேயே இருக்கிறது. வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த வீட்டின் செல்வத்தைத்தான். கடலோர ஆந்திரத்து வீடு வட்டமாக இருக்கும். புயல் காற்று மோத மூலை இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். நெசவாளர் வீட்டில் நல்ல இடம் தறிக்கு, மிச்ச இடம்தான் மனிதர்களுக்கு.

அக்கிரகாரத்துத் திண்ணையில் வழிப்போக்கர் படுத்துத் தூங்கினார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். எல்லா வழிப்போக்கரையும் அந்தத் தெருவுக்குள் விட்டார்களா? இதையும் கேளுங்கள். யார் எந்த வாசல் வரை வரலாம், பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டால்தான் பழைய வீடு முழுசாகப் புரியும்.

கிளம்புவதற்கு முன் போனில் இரண்டு வேலை. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நேரம், கட்டணம், மாணவர் சலுகை உண்டா என்று பார்த்துவிட்டு, தமிழில் விளக்க வழிகாட்டி கிடைப்பாரா என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேளுங்கள். கூட்டமாகப் போனால் இது ரொம்ப அவசியம்.

பஸ்ஸில் என்றால் போரூர், கிண்டி வழியாகத் திருவான்மியூர் போய், அங்கிருந்து கோவளம், மாமல்லபுரம் பக்கம் போகும் பேருந்தில் ஏறலாம். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். சொந்த வண்டி என்றால் வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியும் உண்டு.

அவ்வளவு தூரம் முடியாதா? திருவல்லிக்கேணியில் பாரதியார் கடைசிக் காலத்தில் குடியிருந்த வீட்டை 1993-ல் மாநில அரசு வாங்கி, நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாழ்ந்த வீடும் நினைவு இல்லம்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிட்டுப் போங்க. வழிகாட்டி குதிரைக் காட்டும்போது, "எங்க வீட்டுல இதைவிடப் பெருசு" என்று பாட்டி ஆரம்பிப்பார். அப்போது போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிடுங்க.