கடலிலும் வானிலும் பேச உரிமம் எதற்கு?

வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அஞ்சலகத்தில் வரிசையில் நின்று ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு வந்த நாட்களை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980-களில் அந்த முறை கைவிடப்பட்டது. ஒலிபரப்பைக் கேட்பதற்கு இன்று எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால், வானொலி வழியே பேசுவதற்கு?

அது வேறு வினா. தனியார் ஒருவர் தமக்கெனப் படகு ஒன்று வாங்குகிறார். அல்லது, வசதி படைத்தவராயின், சிறு விமானம் ஒன்று வாங்குகிறார். அதில் பொருத்தும் வானொலிக் கருவிக்கு ஓர் உரிமமும், அதனைக் கையாளும் மனிதருக்கு ஒரு தகுதிச் சான்றும் நம் நாட்டில் தேவைப்படுகின்றன. “படகு என்னுடையது, கருவி என் காசில் வாங்கியது, பேசும் குரலும் என்னுடையதே. இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?” என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண முயல்வோம்.

ஊர்க்கூட்டத்தில் கேட்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அவர்களுள் ஒருவர் கேட்பதால் இன்னொருவர் கேட்பது குறைந்துவிடாது. பேசுபவரோ ஒரு நேரத்தில் ஒருவராகத்தான் இருக்க முடியும். இருவர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சும் வீணாகும். வான்வெளியின் இயல்பும் இதுவே. ஓர் அலைவரிசையில் ஒருவர் ஒலிபரப்பும் நேரத்தில், அவர் குரல் எட்டும் தொலைவு வரையில், அந்த அலைவரிசை மற்றவர்களுக்கு அடைபட்டுப் போகிறது. கேட்பவர் பொதுச் சொத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. பேசுபவர் சிறிது நேரம் அதனைத் தம் வசமாக்கிக்கொள்கிறார். கேட்பதற்கு உரிமம் நீங்கிய பின்னும் பேசுவதற்கு உரிமம் நீடிப்பதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

இதில் கடலுக்கும் வானுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கரைக்கு அருகே செல்லும் படகுகளின் வானொலி, நம் நகரங்களில் பாட்டுக் கேட்கும் பண்பலை முறையில் இயங்குகிறது. அந்த முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான அலை மெலிந்த அலையை விழுங்கிவிடும். தொலைவில் தத்தளிக்கும் படகின் குரல் கேட்பவர் காதில் படாமலே போய்விடக்கூடும். அப்படி ஒரு குரல் எழுந்தது என்பதுகூடத் தெரியாது. விமானங்களோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் பழைய வீச்சுப் பண்பேற்ற முறையையே இன்றும் பயன்படுத்துகின்றன. அதில் இருவர் ஒருசேரப் பேசினால் சீழ்க்கை போன்ற ஓர் இரைச்சல் எழும். ‘இன்னொருவரும் பேசுகிறார்’ என்பதையாவது கேட்பவர் அறிந்துகொள்ளலாம். எந்த முறையானாலும், பேசும் பொத்தானை ஒருவர் கவனக்குறைவால் அழுத்தியபடியே இருந்துவிட்டால், அவ்வட்டாரம் முழுவதுக்கும் அந்த அலைவரிசை பயனற்றதாகிவிடும்.

விமானப் போக்குவரத்தின் தொடக்க நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளை ஏற்றிக்கொண்டு தனியே பறந்துவந்த சிறு விமானத்தில் வானொலிக் கருவியே இல்லை. அன்றைய வானில் நெரிசலும் இல்லை. இன்றைய நிலை அதுவன்று.

கடலிலோ இப்பாடம் அதற்கு முன்பே, மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொள்ளப்பட்டது. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, அதன் கம்பியில்லாத் தந்தி ஊழியர்கள் இடைவிடாது உதவி கோரினார்கள். அருகிலிருந்த கலிபோர்னியன் என்ற கப்பலில் இருந்தவர் ஒரே ஒரு தந்தி ஊழியர். அவர் அன்றைய வேலையை முடித்துக் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். தொலைவிலிருந்த கார்பாத்தியா கப்பலின் ஊழியரோ படுக்கப் போகும் தறுவாயில், தற்செயலாக அந்த அழைப்பைக் கேட்டார். அக்கப்பல் விரைந்து சென்று சுமார் 700 பேரை மீட்டது. 1,500 பேர் அளவில் மாண்டனர். இவ்வளவும் போதாதென்று, விபத்துக்குப் பின் வான்வெளியில் பலரும் கலந்து பேசிய குழப்பத்தில், கப்பல் பத்திரமாக இழுத்துவரப்படுகிறது என்ற பொய்ச் செய்தியும் பரவிற்று.

அதே ஆண்டில் அமெரிக்க நாடு ஒரு வானொலிச் சட்டம் இயற்றி, ஒலிபரப்பும் நிலையத்துக்கும் அதனை இயக்குபவருக்கும் உரிமம் வேண்டும் என விதித்தது. ஆபத்து அழைப்புகளுக்கு முதலிடம் தரவேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது. இன்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டுள்ள பன்னாட்டு வானொலி விதிகளின்படி, தனியார் எவரும் தம் நாட்டு அரசின் உரிமமின்றி ஒலிபரப்பு நிலையம் நிறுவவோ இயக்கவோ கூடாது. விமானங்களைப் பொறுத்தவரை 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 30-ஆவது விதி இதனைத் தெளிவாக்குகிறது. அயல்நாட்டு வான்வெளியில் நுழையும் விமானம், தான் பதிவாகியுள்ள நாட்டின் வானொலி உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். அக்கருவியை இயக்குபவர் அதற்கெனத் தனி உரிமம் பெற்ற பணியாளராக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் இத்துறையை ஆண்டுவந்தன. பின்னதன்படி, உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே குற்றமாகும். இவ்விரண்டுக்கும் மாற்றாக 2023-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வரலாயிற்று. அலைவரிசைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பணியை, 1952-இல் தோன்றிய கம்பியில்லாத் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு மேற்கொண்டுள்ளது. விமான வானொலியை இயக்குவோருக்கான தேர்வும் முன்பு அப்பிரிவின் பொறுப்பிலேயே இருந்தது. 2024-ஆம் ஆண்டின் பாரதீய வாயுயான் சட்டத்தால், 2025 தொடக்கத்திலிருந்து அது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தைச் சேர்ந்ததாயிற்று. விமானத்தைப் பதிவு செய்வதும் விமானிக்கு உரிமம் அளிப்பதும் அந்த இயக்ககமே ஆதலின், இம்மாற்றத்தால் விமானிகள் நாடவேண்டிய வாயில் ஒன்று குறைந்தது.

சட்ட விதிகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நம் போன்றோர்க்கு, ‘உரிமம்’ என்ற ஒரே சொல் இரு இடங்களில் இரு பொருளில் வருவது சற்றுத் தயக்கத்தைத் தருவதுண்டு. கருவிக்குரிய உரிமம் ஒன்று. மனிதருக்குரிய உரிமம் மற்றொன்று. முன்னது, எந்தக் கருவி, எந்த அலைவரிசையில், எவ்வளவு ஆற்றலுடன், எந்தப் பெயரில் பேசலாம் என்று வரையறுக்கிறது. பின்னது, பேசுபவர் பேசும் முறை அறிந்தவர் என்று சான்று கூறுகிறது. மாட்டுவண்டி ஓட்டத் தெரிந்தவரெல்லாம் மோட்டார் ஓட்டிவிட முடியாதது போல, வீட்டில் தொலைபேசியில் பேசத் தெரிந்தவரெல்லாம் கடல் வானொலியில் பேசிவிட முடியாது. சுருங்கப் பேச வேண்டும். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பேச வேண்டும். தன் பெயரைச் சொல்லியே பேச வேண்டும்.

இந்தப் பெயர் என்பது சிறிய செய்தியன்று. சென்னை வானொலி நிலையத்துக்கு ‘வி.யு.எம்.’ என்றும் திருச்சி நிலையத்துக்கு ‘வி.யு.டி.’ என்றும் அழைப்புக் குறிகள் வழங்கியதை நேயர்கள் அறிவார்கள். இந்திய விமானங்களின் பதிவுக் குறி ‘வி.டி.’ என்று தொடங்குகிறது. பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட எழுத்து வரிசையிலிருந்தே இவை யாவும் பிறந்தன. அவ்வாறே, தானியங்கி அழைப்புக் கருவி பொருத்திய படகுக்கு ஒன்பது இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. அவ்வெண்ணின் முதல் மூன்று இலக்கம் 419 எனில், அது இந்தியப் படகு என்று உலகின் எந்தக் கரையில் இருப்பவரும் உணர்ந்துகொள்வார். உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவர் தம் பெயர், முகவரி, படகின் விவரம் ஆகியவற்றைப் பதிவு செய்வது வெறும் காகித வேலையாகத் தோன்றலாம். நள்ளிரவில் அந்த எண் மட்டும் கரையில் ஒரு திரையில் தோன்றும்போது, தேட வேண்டிய படகு எது, யாரை விசாரிப்பது என்று சொல்லப்போவது அந்தக் காகிதம்தான்.

எல்லா நாடுகளும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா? இல்லை. 1912-இல் கட்டாயமாக்கிய அமெரிக்காவே 1996-இல் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பொழுதுபோக்குப் படகும் தனியார் விமானமும் உள்நாட்டிலேயே சென்று வருவனவாயின், வழக்கமான குறுந்தொலைவு வானொலிக்கும் ராடாருக்கும் தனி உரிமம் வேண்டா என்றாயிற்று. ஆனால் வேற்று நாட்டுத் துறைமுகத்துக்குச் செல்லும் படகுக்கும், வேற்று நாட்டுக்குப் பறக்கும் விமானத்துக்கும் உரிமம் வேண்டும். நெடுந்தொலைவு பேசும் சிற்றலைக் கருவி பொருத்திய படகுக்கும் வேண்டும். பிரிட்டனோ உரிமத்தை நீக்காமல் எளிதாக்கியது. இணைய வழியே கேட்கும் படகு உரிமையாளருக்குக் கட்டணமின்றி, வாழ்நாள் உரிமம் கிடைக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்தால் போதும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று. அமெரிக்கா கைவிட்டது காகிதத்தையே அன்றி ஒழுங்கையன்று. கடலில் 16-ஆம் வரிசையாகிய 156.8 மெகாஹெர்ட்ஸும், வானில் 121.5 மெகாஹெர்ட்ஸும் ஆபத்துக் குரலுக்காக எங்கும் காக்கப்படுகின்றன. அங்கே வீண்பேச்சுப் பேசுவதும், பொய்யாக உதவி கேட்பதும் உரிமம் உள்ள நாட்டிலும் குற்றம், உரிமம் தளர்ந்த நாட்டிலும் குற்றம். ஆபத்தின்போது தானே துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவியையும் அதன் உரிமையாளர் பதிவு செய்தே ஆகவேண்டும். நம் நாட்டில் அப்பதிவு பெங்களூரில் உள்ள நிலையத்தில் நடைபெறுகிறது. பதிவு செய்யாத கருவியும் கூவும். ஆனால் கூவுவது யார் என்று அறிவதற்கே மீட்பவர்கள் பொன்னான நேரத்தைச் செலவிட நேரும்.

இது செல்வர்களின் உல்லாசப் படகுகளைப் பற்றிய பேச்சு என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி முனையருகே உருவெடுத்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட, கேரள மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலிருந்து பேசும் குறுந்தொலைவு வானொலி ஏறத்தாழக் கண்ணுக்கெட்டிய அடிவானம் வரையே செல்லும்; அவர்களோ அதற்கு மிக அப்பால் இருந்தார்கள். திரும்பி வராதவர்களின் குடும்பங்களுக்கு அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. துணைக்கோள் வழியே இருபுறமும் செய்தி பரிமாறும் கருவியை 2024 சனவரியில் இஸ்ரோ நிறுவனம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கருவி வந்துவிட்டது, அது படகுதோறும் சென்று சேர வேண்டும். விதிகள் கடுமையாக இருக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் அவற்றை நிறைவேற்றும் வழி, மீன்பிடித் துறைமுகத்தில் நிற்பவருக்கும் விளங்கும் மொழியில், ஒரே நாளில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் சிக்கலுக்கு அஞ்சி ஒருவர் கருவியே இல்லாமல் கடலுக்குச் செல்வாரானால், உரிமம் எதற்காக ஏற்பட்டதோ அந்த நோக்கமே தோற்றுப்போகும்.

இறுதியாக ஒன்று. உயிருக்கு ஆபத்து நேர்ந்த வேளையில், படகோ விமானமோ தன் நிலையை அறிவித்து உதவி பெறுவதற்குத் தன்னிடமுள்ள எந்தக் கருவியையும், எந்த அலைவரிசையையும் பயன்படுத்தலாம். அதனைத் தடுக்க எவ்விதிக்கும் அதிகாரம் இல்லை என்று பன்னாட்டு வானொலி விதிகளே கூறுகின்றன. “மேடே, மேடே, மேடே” என்று ஒருவர் அழைத்தால், உரிமம் உண்டா என்று கேட்டுக்கொண்டு எவரும் நிற்பதில்லை. கேட்டவர் அனைவரும் வாய் மூடி, அவருக்கு வழிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் நாம் உரிமம் பெற்று, பெயர் சொல்லி, சுருங்கப் பேசி, வரிசையைக் காலியாக வைத்திருப்பதெல்லாம் அந்த ஒரு குரல் கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே. நாளை அக்குரல் நம்முடையதாகவும் இருக்கலாம்.