சிக்கியவரும் சிக்கவைத்தவரும்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான். எக்செல்லில் ஒரு கடையின் மாதக் கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். ஆறே செல்கள். விற்பனை 1,50,000, வாடகை 40,000. இரண்டும் கையால் தட்டியவை. மேலாளருக்கு நிகர லாபத்தில் 10 சதவீதம் போனஸ். வாடகையும் போனஸும் சேர்ந்தது மொத்தச் செலவு. விற்பனையில் செலவு போக மிஞ்சுவது நிகர லாபம். அதில் பாதி கூட்டாளியின் பங்கு. காதால் கேட்டால் எந்தக் கோணலும் தெரியாது. ஃபார்முலாவைப் போட்டு என்டர் தட்டினால்தான், கணக்கு தன்னையே சுற்றி வருகிறது என்று எக்செல் எச்சரிக்கும்.

எக்செல் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பது இருக்கட்டும். இந்தச் சுற்றை நாமே தாளில் பிடிக்கலாம். ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. ஒன்றின் மதிப்பு இன்னொன்றுக்குத் தேவையென்றால் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஓர் அம்பு. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் எத்தனை அம்பு நுழைகிறது என்று எண்ணி, பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கும் வாடகைக்கும் பூஜ்யம். மொத்தச் செலவுக்கும் நிகர லாபத்துக்கும் இரண்டிரண்டு. போனஸுக்கும் பங்குக்கும் ஒவ்வொன்று.

இனி ஒரே விதிதான். பூஜ்யம் உள்ளதை எடுத்து வரிசையில் வை. அதிலிருந்து கிளம்பும் அம்புகளை அழி. அவை போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றைக் குறை. புதிதாக யாருக்காவது பூஜ்யம் வந்தால் அடுத்து அவர். விற்பனை போனதும் நிகர லாபத்தின் இரண்டு ஒன்றாகிறது. வாடகை போனதும் மொத்தச் செலவின் இரண்டும் ஒன்றாகிறது. அதோடு வண்டி நின்றுவிடும். நான்கு செல்கள் பாக்கி, எதிலும் பூஜ்யம் இல்லை. ஆறில் இரண்டுதான் வெளியே வந்தது என்றால் உள்ளே சுற்று இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். சுற்று இல்லாத படத்தில் எல்லாப் புள்ளியும் வெளியே வந்தே தீரும்.

இப்படி வரிசைப்படுத்தும் வேலைக்கு டோப்பலாஜிக்கல் சார்ட் என்று பெயர். அதன் இந்த வடிவத்தை 1962இல் ஆர்தர் கான் எழுதினார். பெரிய திட்டங்களில் எந்த வேலைக்குப் பின் எது என்று வரிசைப்படுத்தும் பெர்ட் வலைகள்தான் அவர் முன்னால் இருந்த சிக்கல். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய முறை பெர்ட். 30,000 வேலைகள் கொண்ட வலையை ஐபிஎம் 7090 இயந்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்தலாம் என்றார் கான். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு முறை, ஒவ்வொரு அம்பையும் ஒரு முறை தொட்டால் போதும் என்பதுதான் அந்த வேகத்தின் காரணம்.

பலர் வழுக்குவது இதற்கு அடுத்த படியில். நான்கு செல் பாக்கி என்றதும் நான்கும் சுற்றில் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். கூட்டாளியின் பங்கைப் பாருங்கள். யாருடைய கணக்கிலும் அது நுழைவதில்லை. நிகர லாபம் வந்தால் தானும் வரும், அவ்வளவே. ரேஷன் கடை வரிசையில் முன்னால் இரண்டு பேர் சண்டை போட்டால் பின்னால் நிற்பவருக்கும்தான் அரிசி வராது. அதற்காக அவரைச் சண்டைக்காரர் என்பீர்களா? பாக்கிப் பட்டியலில் குற்றவாளியும் இருப்பார், மாட்டிக்கொண்டவரும் இருப்பார். பிழைச் செய்தியில் அந்தப் பட்டியலை அப்படியே கொட்டும் மென்பொருள்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பத்தாயிரம் புள்ளிகளில் சுற்று மூன்றே புள்ளியாக இருக்கலாம். மற்றவை எல்லாம் பின்னால் நிற்பவை.

பிரிப்பது சுலபம்: அம்பின் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். பாக்கியில் ஏதாவது ஒன்றைத் தொட்டு, நீ யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேளுங்கள். பங்கு, நிகர லாபத்தைக் காட்டும். அது மொத்தச் செலவைக் காட்டும், செலவு போனஸை, போனஸ் மறுபடி நிகர லாபத்தை. ஏற்கெனவே பார்த்த முகம் வந்துவிட்டது. முதல் முறை அதைப் பார்த்ததிலிருந்து மறுமுறை பார்த்தது வரை உள்ள மூன்றும்தான் சுற்று; பங்கு தானாக உதிர்ந்துவிட்டது. அம்பின் போக்கிலேயே நடந்திருந்தால் பங்கிலிருந்து போக வழியே இல்லை, முட்டிக்கொண்டு நிற்போம். பின்னோக்கி நடந்தால் அந்தப் பயம் கிடையாது. பாக்கியாக நிற்கும் ஒவ்வொன்றும், பாக்கியாக நிற்கும் இன்னொன்றுக்காகத்தான் காத்திருக்கிறது. புள்ளிகள் எண்ணி முடியக்கூடியவை என்பதால் எங்கேயாவது ஒரு முகம் திரும்ப வந்துதான் ஆக வேண்டும்.

இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது என்பதைக் கணினி சொல்லாது. போனஸ் கழிப்பதற்கு முந்தைய லாபத்தில் 10 சதவீதம் என்று முதலாளி மாற்றிக்கொண்டால் ஓர் அம்பு போய்விடும், போனஸ் 11,000. இல்லை, கழித்த பிறகு மிஞ்சும் லாபத்தில்தான் என்றால், பள்ளிக்கூட அல்ஜீப்ரா போதும்: 1,10,000ஐ 11ஆல் வகுத்தால் போனஸ் 10,000, லாபம் 1,00,000. விடை இருக்கிறது, எதை முதலில் கணக்கிடுவது என்ற வரிசைதான் இல்லை. எக்செல்லில் திரும்பத் திரும்பக் கணக்கிடும் வசதியை இயக்கிவிட்டால் 11,000, 9,900, 10,010, 9,999 என்று தட்டுத் தடுமாறி அதே 10,000க்கு வந்து சேரும்.

ஆனால் அந்த வசதியை இயக்கியபின் சுற்று பற்றிய எச்சரிக்கை வராது. பி2 முதல் பி10 வரை கூட்டச் சொல்லும் ஃபார்முலாவைத் தப்பித் தவறி பி10இலேயே போட்டுவிட்டால், ஒரே புள்ளி தன்னைத் தானே சுற்றும். மேலே இருப்பவற்றின் கூட்டுத்தொகை 5,000 என்றால், எக்செல் வழக்கமான 100 முறையும் கணக்கிட்டு, சத்தம் போடாமல் 5,00,000 என்று காட்டும்.