ஒரே மலை, ரெண்டு பாட்டு: ஒளிஞ்சிருந்த ஒரு பூங்குருவி

‘புது பறவை இனம் கண்டுபிடிப்பு’ன்னு செய்தி வந்தா, யாருமே பார்க்காத ஒரு பறவை திடீர்னு கண்ணுல பட்டிருக்கும்னுதான் நினைப்போம். ஆனா இன்னைக்கு நான் சொல்லப்போற பறவையோட பதப்படுத்திய உடல்கள் அருங்காட்சியக இழுப்பறைகள்ல பல வருஷமா கிடந்திருக்கு. என்ன, வேற ஒரு பேர்ல!

2009, மே–ஜூன் மாதங்கள். ஸ்வீடன் பறவையியலாளர் பெர் ஆல்ஸ்ட்ரோமும், இந்தியாவைச் சேர்ந்த ஷஷாங்க் தல்வியும் அருணாச்சலப் பிரதேசத்தின் மேற்கு மலைகள்ல ஆய்வு பண்ணிட்டிருந்தாங்க. அங்கே ‘பிளெயின்-பேக்டு த்ரஷ்’னு ஒரு பூங்குருவி. பழுப்பு முதுகு, வயித்துல செதில் மாதிரி கருப்புக் கோடுகள். மரங்கள் முடியிற உயரத்துக்கு மேல, பாறை நிலத்துல இருந்த குருவிகள் கரகரன்னு பாடிச்சு. அதே மலையில கீழே, ஊசியிலைக் காட்டுல இருந்தது இனிமையாப் பாடிச்சு. பார்க்க ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பாட்டு வேறன்னா இனமும் வேறயா? அவசரப்பட முடியாது. பாடும் பறவைகள் பாட்டைக் கேட்டுத்தான் கத்துக்கும். மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி அதுங்களுக்கும் வட்டார வழக்கு உண்டு. அதனால பாட்டு சந்தேகத்தைக் கிளப்பும். அது மட்டுமே தீர்ப்பு ஆகாது.

அடுத்து உடலமைப்பு. பமேலா ராஸ்முசென் உள்ளிட்ட குழு, 7 நாடுகள்ல இருக்கிற 15 அருங்காட்சியகங்களின் மாதிரிகளைப் பார்த்தாங்க. இறகுகளோட நிறத்துலயும் உடல் அளவுகள்லயும் சின்னச் சின்ன வித்தியாசங்கள், ஆனா மாறாம வந்துச்சு. மூணாவதா டி.என்.ஏ. இந்தக் குருவிகள் பல மில்லியன் ஆண்டுகளா தனித்தனியா இனப்பெருக்கம் செய்து வந்திருக்குன்னு அது காட்டுச்சு. ஒண்ணையொண்ணு சாராத மூணு சாட்சிகளும் ஒரே விஷயத்தைச் சொன்னப்போதான் முடிவுக்கு வந்தாங்க.

2016 ஜனவரியில ஆய்வு வெளியாச்சு. ஒரே இனம்னு நினைச்சது மூணா பிரிஞ்சது. உயர்மலைக் குருவிக்கும் சீனாவின் சிச்சுவான் குருவிக்கும் பழைய அறிவியல் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. காட்டுக் குருவிக்குத்தான் பேரே இல்லை. சலீம் அலியின் நினைவா அதுக்கு ‘சூத்தெரா சலிமாலி’ன்னு பேர் வெச்சாங்க.

சரி, இப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதால என்ன பயன்? எல்லாம் ஒரே இனம்னு நினைச்சா, ‘கீழே காடு போனா என்ன, அதான் மேல நிறைய இருக்கே’ன்னு சொல்லிடலாம். இப்போ அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் காடு அழிஞ்சா, மேல இருக்கிற குருவி அதுக்கு ஈடாகாது. பேர் இல்லாத உயிரை, காணாமப் போனவங்க பட்டியல்லகூட சேர்க்க முடியாதே!

நம்ம ஊர் மரங்களுக்குக் குளிர்காலத்துல வர்ற இலைக்கதிர்க்குருவிகளும் இப்படித்தான். நிறத்தை வெச்சுப் பிரிக்கிறது கஷ்டம், குரல் காட்டிக்கொடுத்திடும். அடுத்த முறை போட்டோ எடுத்ததோட நிறுத்தாம, குரலையும் போன்ல பதிவு பண்ணுங்க. எந்த இடம், என்ன மரம், எத்தனை மணின்னும் குறிச்சு வைங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!