உப்பும் தைராய்டும்

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்பார்கள். நண்பர்களே, அந்த உப்பிலேயே ஒன்று இல்லாமல் போனால் என்ன ஆகும்?

நம் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பது இதன் ஹார்மோன் கையில். எலக்ட்ரிக்கல் மாணவனான எனக்கு இது ஸ்டெபிலைசர் மாதிரித்தான் தெரிகிறது. ஹார்மோன் குறைந்தால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற சிக்னலைக் கூட்டும், அதிகமானால் குறைக்கும். டாக்டர்கள் முதலில் டி.எஸ்.எச். டெஸ்ட் எழுதுவது இதனால்தான்.

இந்த ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும்; கர்ப்பிணிகளுக்கு 250. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் 5 கிராம் சாப்பிட்டால் 75 மைக்ரோகிராம் சேரும். பால், முட்டை, கடல் மீனிலும் அயோடின் உண்டு. அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். ரத்த அழுத்தம் வந்துவிடும்!

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் 2018-19 தேசிய ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்ததும் இங்கேதான்: 61.9 சதவீதம். இந்திய அளவு 76.3. விளக்கடியில் இருட்டுன்னு சொல்வாங்களே, அதுதான் இது. கல் உப்போ தூள் உப்போ, பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா பாருங்கள்.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் இன்னொன்றும் உண்டு: மரவள்ளிக் கிழங்கு. அதிலுள்ள சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். காங்கோ நாட்டில் அயோடின் குறைவும், சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியும் சேர்ந்து பலருக்குக் கழுத்தில் கழலை உண்டாக்கின. கிழங்கை ஒதுக்க வேண்டாம். தோலுரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டாலே போதும்.

ஆனால் உப்பு காவல்காரன்தான், வைத்தியர் அல்ல. நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்க்குச் சாப்பாடு மட்டும் மருந்தாகாது. இளம்பிள்ளையில் எங்கள் தெருவில் தறி ஓட்டும் ஒரு அக்கா, “எந்நேரமும் அசதியாவே இருக்குது தம்பி” என்பார். வேலைக் களைப்பு என்றே ஒரு வருஷம் போயிற்று. டெஸ்ட் எடுத்து மாத்திரை சாப்பிட்டதும் தெம்பு வந்தது. சரியாப் போச்சுன்னு அவராகவே நிறுத்தினார். மறுபடியும் அதே அசதி. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீ, காபி குடிக்க வேண்டும். சத்து மாத்திரையான இரும்பு, கால்சியத்துக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

காரணமில்லாத அசதி, எடை கூடுவது, முடி கொட்டுவது, குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு ஆகியவை ஹார்மோன் குறைவின் அறிகுறிகள். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, படபடப்பு, கை நடுக்கம் என்றால் அதிகமாக இருக்கலாம். கண்ணாடி முன் தலையைச் சற்று நிமிர்த்தி, ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். கழுத்தில் வீக்கம் ஏறி இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த லீவில் வீட்டுக்குப் போனதும் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அப்படியே அம்மாவிடமும், “உடம்பு எப்படிம்மா இருக்குது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாக வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.